கேசவதாஸ், ராஜா (1745–1799)

திருவிதாங்கூர் திவான், படைத்தலைவர். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை நிறுவியவர். இயற்பெயர் கேசவ பிள்ளை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பகுதியில் குன்னத்தூரில் பிறந்தார். கப்பல் வணிகரான போக்கு மூசா மரைக்காயரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், அரண்மனை வேலைக்கு வந்து, தர்ம ராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவின் காலத்தில் படிப்படியாக உயர்ந்து 1789-இல் திவானானார்.

அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடக்கு அரணான நெடுங்கோட்டையில் நடத்திய முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஏப்ரலில் கோட்டை உடைந்தது. பெரியாற்று வெள்ளமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு மூண்ட போரும் திப்புவைத் திரும்ப வைத்தன. ஆனால் படைத்தலைவராயிருந்தும் வாளைவிடக் கணக்கேடுதான் இவருக்கு நன்றாகப் பழகியிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. இவர் உருவாக்கிய ஆலப்புழைத் துறைமுகம் அதற்கு ஒரு சான்று. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு இன்னொன்று. அந்தத் தெருவில் தமிழ் வணிகர்களின் குரல் இன்றும் கேட்கிறது. குடிமக்களுக்கு அவர் 'வலிய திவான்ஜி'.

1798 பிப்ரவரியில் தர்ம ராஜா காலமானார். பட்டத்துக்கு வந்த பாலராம வர்மாவுக்கு வயது 16. நாற்பதாண்டு ஆண்ட மன்னரின் நம்பிக்கையே கேசவதாஸின் முதல். அது மன்னரோடு போயிற்று. குலப்பின்பலமோ, பெரிய தறவாட்டுச் சொத்தோ தாங்கிப் பிடிக்க இல்லை. கம்பெனியார் தந்த 'ராஜா' பட்டம் கைகொடுக்கவில்லை. கம்பெனியுடனான 1795 உடன்படிக்கையை முன்னின்று முடித்தவர் என்பதால் வெள்ளையரோடு நெருக்கமானவர் என்ற பேச்சும் எதிரிகளுக்கு வாய்ப்பாக இருந்திருக்கும். இளைய அரசரின் செவி ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியிடம் இருந்தது. கேசவதாஸின் திவான் பதவி பறிக்கப்பட்டது, அவர் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1799 ஏப்ரலில் இறந்தார். நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள் என்பது அன்று முதல் நிலவும் வழக்கு. மன்னர் மறைந்து பதினான்கே மாதம்.

அலெக்சாந்தரின் எழுத்தராயிருந்து தளபதியான யூமெனீஸின் கதையும் இப்படித்தான். கி.மு. 323-இல் அரசன் போன பின், மாசிடோனியர் அல்லாத அவரைக் காக்கத் திறமை மட்டுமே இருந்தது. ஆறேழு ஆண்டு தாக்குப்பிடித்தார். கடைசியில் பறிபோன தம் உடைமைகளை மீட்பதற்காக அவருடைய வீரர்களே அவரை எதிரி அன்டிகோனஸிடம் ஒப்படைத்தார்கள். கேசவதாஸுக்கு அந்த ஆறேழு ஆண்டுகூடக் கிடைக்கவில்லை. ஒன்றைக் கவனிக்கவேண்டும்: யூமெனீஸ் படை வைத்திருந்தார், இவர் கடைசிவரை அரசரின் ஊழியராகவே இருந்தார்.

கேசவதாஸுக்குப் பின் ஜயந்தன் நம்பூதிரி ஆட்சித் தலைமை ஏற்க, சங்கரநாராயணன் செட்டியும் தச்சில் மாத்து தரகனும் துணை நின்றார்கள். காலியான கருவூலத்தை நிரப்ப அதிகாரிகளிடம் கட்டாய வசூல் தொடங்கியது. இரணியலில் காரியக்காரராயிருந்த தலைக்குளத்து வேலுத்தம்பியிடமும் பெருந்தொகை கேட்டார்கள். ஊருக்குத் திரும்பிய அவர் நாஞ்சில் நாட்டாரைத் திரட்டித் தலைநகரை நோக்கி நடந்தார். அரசர் பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. வேலுத்தம்பி சில ஆண்டுகளில் திவானாகி, 1809-இல் கம்பெனியை எதிர்த்து மண்ணடியில் உயிர்விட்டார்.

திருவனந்தபுரத்தின் கேசவதாசபுரம் இவர் பெயரால் அமைந்தது. சி. வி. ராமன் பிள்ளையின் 'ராமராஜபகதூர்' நாவலில் இவர் முக்கியப் பாத்திரம்.