இதயக் காவலுக்கு வந்த இளம் நர்ஸுகள்

பயிற்சி முடித்து வரும் நர்ஸ் முதலிற் சில ஆண்டுகள் பொது வார்டில் உழைத்துக் கைபழக வேண்டும். அதன் பின்னரே தனித்துறை எதற்கும் அவரை அனுப்பலாம். இப்படியொரு நியதி ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நர்ஸுகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நான், அதன் நியாயத்தை அடியோடு மறுப்பவள் அல்லள். ஆயினும், சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் மாரடைப்பு நோயாளிகளுக்கெனத் தனி வார்டுகள் தோன்றிய வரலாற்றைப் பார்க்கும்போது, அந்த நியதி எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயம் எழாமற் போவதில்லை.

அதற்கு முன் மாரடைப்பு கண்டவரின் நிலை என்ன? பிராணவாயு கொடுப்பார்கள், வலிக்கு மருந்து கொடுப்பார்கள், வாரக் கணக்கில் அசையாமற் படுத்திருக்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் இறந்தனர். அவர்களுட் பலரைக் கொன்றது இதயத் துடிப்பின் ஒழுங்கு திடீரெனக் குலைந்ததுதான். அப்போது இதயம் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, வெறுமனே நடுங்கத் தொடங்கும். குருதியோட்டம் நின்று நாலைந்து நிமிடங்கள் கடந்தால் மூளை கெடும்.

இதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. மார்பின் மேலிருந்தே மின்சார அதிர்ச்சி கொடுத்து இந்த நடுக்கத்தை நிறுத்தலாம் என்பதை 1956-இல் பாஸ்டன் நகர டாக்டர் பால் ஸோல் காட்டினார். 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பைக் கைகளால் அழுத்திக் குருதியோட்டத்தை நிலைநிறுத்தும் முறையை வெளியிட்டனர். கருவி இருந்தது, முறையும் இருந்தது. அவற்றைக் கையாளத் தெரிந்தவர் மட்டும் அந்த நாலு நிமிடத்திற்குள் கட்டிலருகே இல்லை!

இத்தகைய நோயாளிகளை எல்லாம் ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கவனிக்க வேண்டுமென்று டெஸ்மண்ட் ஜூலியன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1961-இல் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே கான்ஸாஸ் நகரத்துப் பெத்தனி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹ்யூஸ் டே அத்தகைய வார்டு ஒன்றைத் திறந்தார். கருவி மணியடிக்கும், டாக்டர் ஓடி வருவார். பகலில் இது சரி. இரவு இரண்டு மணிக்கு அந்த டாக்டர் எங்கிருந்து ஓடி வருவது?

இந்தக் கேள்விக்கு நேரான விடை கண்டவர்கள் பிலடெல்பியாவில் இருந்தார்கள். அங்குள்ள பிரெஸ்பிட்டீரியன் ஆஸ்பத்திரியில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்ஸரும், ரோஸ் பினியோ என்ற நர்ஸும் சேர்ந்து ஆராய்ச்சி நடத்தினர். நோயாளியின் அருகில் எந்நேரமும் இருப்பவர் நர்ஸ். ஆகவே ஆபத்தை முதலில் அறிய வேண்டியவரும், டாக்டர் வரும்வரை காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டியவரும் அவரே என்பது அவர்கள் துணிபு. 1965-இல் அவர்கள் மற்றொரு டாக்டருடன் சேர்ந்து, நர்ஸுகளுக்கென்றே ஒரு கைந்நூல் வெளியிட்டார்கள். டாக்டர்களுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட இதய மின்வரைபடம் அதிலே நர்ஸுகளுக்குப் பாடமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து, இது கையசைவினால் வந்த கலக்கம், இது உயிர்போகும் நடுக்கம் என்று நொடியிற் பிரித்தறிவதைப் பொது வார்டு யாருக்கும் கற்பித்ததில்லை. இருபதாண்டு உழைத்த மூத்தவருக்கும், சென்ற ஆண்டு பட்டயம் பெற்ற இளையவருக்கும் அது ஒரே அளவிற் புதுமை. புதிய வார்டின் கதவு இளையவர்களுக்கும் திறந்தது இதனாலேதான் என்று நான் கருதுகிறேன்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. மின்னதிர்ச்சி கொடுப்பது வைத்தியமா, தாதிமையா? நோயாளி இறந்தால் வழக்கு யார்மேல்? சில மாநிலங்களில் டாக்டர்கள் சங்கமும் நர்ஸுகள் சங்கமும் கூட்டறிக்கை விட்டு இச்சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1967-இல் நியூயார்க்கிலிருந்து கில்லிப், கிம்பால் என்ற இரு டாக்டர்கள் 250 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டனர். குருதியழுத்தம் வீழ்ந்த அதிர்ச்சி நிலையை எய்தாதவர்களிடையே இறப்பு நூற்றுக்கு 26-இலிருந்து 7-ஆகக் குறைந்திருந்தது. அதன்பின் தர்க்கத்திற்கு வலுவேது?

ஆனால் இளையவரைத் தனித்துறையில் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவதும் கொடுமையே. பள்ளியிற் கற்றதற்கும் வார்டிற் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டால் புதிய நர்ஸுகள் மனமுடைந்து தொழிலை விட்டே போவதை மார்லின் கிரேமர் 1974-இல் ஒரு நூலாகவே எழுதினார். பத்தாண்டு கழித்து, 1984-இல், பாட்ரிஷியா பென்னர் வேறொரு வாயிலைத் திறந்தார். நர்ஸ் ஒருவர் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளை ஏறுகிறார் என்றார் அவர். ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் நடுப்படியாகிய தகுதி கைகூடும். இதைவிட முக்கியமாக நான் கருதுவது மற்றொன்று: ஒரு துறையில் வல்லவரும், பழகாத வேறு துறைக்குச் சென்றால் அங்கே புதியவரே. அப்படியானால், தனித்துறைக்குச் செல்லவிருப்பவரைப் பிற வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் காக்க வைப்பதன் பயன் நாம் எண்ணியதிற் பாதிகூட இராது. அவருக்கு வேண்டியது அத்துறையிலேயே கைபிடித்து நடத்தும் ஒரு மூத்தவர். அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய ஓராண்டு நர்ஸ் உறைவிடப் பயிற்சித் திட்டம் இந்த வழியிற் சென்றது. 2010-இல் அந்நாட்டு மருத்துவக் கழகமும் இத்தகைய பயிற்சியைப் பரிந்துரைத்தது.

நம் நாட்டில் இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைத் துறைக்கென ஈராண்டு முதுநிலைப் பயிற்சியை 2016-இல் வகுத்தது. பி.எஸ்ஸி. முடித்து ஓராண்டு அனுபவம் பெற்றவர் அதிற் சேரலாம். பெரும்பகுதி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே கழியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயிற்சிக்குப் பின் என்ன நேர்கிறது? நான் முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஆஸ்பத்திரியில், இதய வார்டில் ஓராண்டு பழகித் திரைக்கோட்டைப் படிக்கத் தேர்ந்திருந்த இளம் நர்ஸ் ஒருவரை, சுழல்முறை என்ற பெயரால் கண் வார்டுக்கு மாற்றினார்கள். அவர் இடத்திற்குக் கண் வார்டிலிருந்து மற்றொருவர் வந்தார். இருவரும் அன்றைய தினமே மீண்டும் முதற்படியில் நின்றார்கள்.