மலபார் மத்தி கிழக்கே வந்த கதை

வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரையில் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை இங்கே மீன்பிடி சீசன். வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்வார்கள். வாவல், காலா, நண்டு, இறால் என்று ஏலம் களைகட்டும்.

இதில் காலாவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'இந்தியன் சால்மன்'. பெயர் மட்டும்தான் சால்மன், இனம் வேறு. ஆனால் கடல் சூடானதால் நிஜ சால்மனுக்கு என்ன நடக்கிறதோ, அதைப் போன்ற ஒன்று நம் கடலிலும் நடந்திருக்கிறது. அது நடந்தது காலாவுக்கு அல்ல, ஏழைகளின் மீன் என்று பெயரெடுத்த மத்திக்கு!

மலபாரின் செல்லப்பிள்ளை

மத்தியின் சொந்த ஊர் மலபார் கடல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அங்கே கடலின் அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். அதில் நுண்ணுயிர்ப் பாசிகள் பெருகும். மத்திக்கு அதுதான் சாப்பாடு. இதன் ஆயுளே சுமார் இரண்டரை வருடம்தான். அதனால் ஒரு பருவம் பொய்த்தால் அடுத்த வருடமே வலையில் தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் மலபாரில் மத்தியைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள், சக்கையைத் தோட்டங்களுக்கு உரமாக விற்றார்கள். சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்வளப் பணியைத் தொடங்கிவைத்த சர் பிரடெரிக் நிக்கல்சன் இந்த எண்ணெய்த் தொழிலைச் சீர்செய்ய முயன்றார்.

1940-களின் தொடக்கத்தில் மத்தி திடீரென்று காணாமல் போனது. காரணம் யார்? குஞ்சு மீனை அள்ளும் வலைகள்தான் என்று முடிவு செய்த சென்னை அரசு, 1943-ல் சில வலைகளுக்குத் தடை போட்டது. அந்த வலைகளில் ஒன்றின் பெயரே 'மத்திக்கொல்லி வலை'. 1947-ல் தடை விலக்கப்பட்டது. அதே 1947-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் தொடங்கப்பட்டது. மத்தி ஏன் வருகிறது, ஏன் போகிறது என்ற கேள்வி அன்று முதல் அதன் மேசையில் இருக்கிறது.

கிழக்கே வந்த விருந்தாளி

1980-களின் நடுப்பகுதி வரை நாட்டின் மத்தி ஏறக்குறைய முழுவதும் மேற்குக் கரையில்தான் கிடைத்தது. சோழமண்டலக் கரையில் அதன் உறவான சூடை கிடைக்கும், மத்தி அபூர்வம். 1990-களில் நிலைமை மாறியது. வடக்கே கர்நாடகம் தாண்டியும், கிழக்கே தமிழ்நாடு, ஆந்திரக் கரைகளிலும் மத்தி கூட்டம் கூட்டமாகச் சிக்க ஆரம்பித்தது. கடல் நீர் வெப்பம் ஏறியதால், முன்பு இதற்கு ஏற்காத பகுதிகளும் ஏற்ற இடமாக மாறின என்பது மீன்வள ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்திய அரசின் 2020 அறிக்கை கூறுகிறது.

மலபார் மீன் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாழும் எல்லை விரிந்தது, அவ்வளவுதான். நாகை, கடலூர் கரைகளில் பிடித்த மத்தி ஐஸ் பெட்டியில் ஏறி, சாப்பிட ஆள் இருக்கும் கேரளாவுக்கே லாரியில் போனது!

பங்காளிச் சண்டை

வரவு வந்தால் பங்கு கேட்டுச் சண்டையும் வரும். கூட்டமாகத் திரியும் மத்தியை மொத்தமாக வளைப்பது சுருக்குவலை. தமிழக அரசு 2000-ல் இதைத் தடை செய்தது. ஆனாலும் பெரிய முதல் போட்டவர்களுக்கும் சிறிய படகுக்காரர்களுக்கும் இடையே பல வருடம் மோதல் நீடித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி தந்தது.

இதற்கிடையே கேரளாவின் கணக்கைப் பாருங்கள். 2012-ல் சுமார் 3.99 லட்சம் டன் மத்தி. 2021-ல் வெறும் 3,297 டன்! பிறகு 2023-ல் மறுபடியும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. அதிகம் பிடித்ததும், 2015-16-ன் எல் நினோ வெப்பமும் சேர்ந்தே இந்த வீழ்ச்சியைக் கொண்டுவந்தன என்கிறார்கள். ஆக, 1943-ல் வலை மேல் மட்டும் பழி போட்டது பாதி உண்மை. இன்று வெப்பத்தின் மேல் மட்டும் பழி போட்டால் அதுவும் பாதி உண்மைதான்.

அலாஸ்காவிலும் இதே கதை

இனி சால்மனுக்கு வருவோம். 2014 முதல் 2016 வரை வடக்குப் பசிபிக்கில் ஒரு பெரும் வெப்ப அலை நிலைத்து நின்றது. பின்னர் பெரிங் கடலும் சூடானது. 2022-ல் அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்கை சால்மன் வரலாறு காணாத அளவு திரும்பி வந்தது. அதே மாநிலத்தின் யூகான் ஆற்றில் சினூக் சால்மன் அருகிப்போனது. 2024-ல் அலாஸ்கா மாநிலமும் கனடாவும் சேர்ந்து ஏழு வருடம் அந்த மீனைப் பிடிப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டன. அதை நம்பியே வாழ்ந்த ஆற்றங்கரைப் பழங்குடியினரின் புகைமீன் கூடாரங்கள் காலியாயின. ஒரே கடல் வெப்பம், ஓர் ஊருக்கு லாபம், இன்னோர் ஊருக்கு நஷ்டம்.

சோழமண்டலக் கரை இதுவரை லாபப் பக்கத்தில் இருந்தது. ஆனால் இது உழைத்துச் சேர்த்த சொத்து இல்லை, வெப்பம் கொண்டுவந்து கொடுத்த வரவு. அதே வெப்பம் இன்னும் ஏறினால், மத்தி இங்கிருந்தும் நகரலாம். அன்றைக்கு வாங்கிய வலைக்கும் எஞ்சினுக்கும் கடன் மட்டும் கரையிலேயே நிற்கும்.

கடலின் சூட்டைக் கோடியக்கரை மீனவரால் தனியாகக் குறைக்க முடியாது. அவர் கையில் இருப்பது வலையின் கண் அளவு. 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளா விதி வைத்தது. விருந்தாளியாக வந்த மீன் இங்கே முட்டையிட்டுப் பெருகட்டும் என்று நினைத்தால், குஞ்சை விட்டுவைக்கும் அந்த விதி இந்தக் கரைக்கும் வேண்டும். மலபார் அதை நஷ்டப்பட்டுக் கற்றது. நாம் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே!