தண்டம்: ஒரு வசைச்சொல்லின் வரவு செலவு

‘தண்டச்சோறு’ என்று திட்டு வாங்காமல் வேலை தேடியவர்கள் நம்மில் குறைவு. எதற்கும் லாயக்கற்றவன் என்பதுதான் இன்று தண்டத்துக்குப் பொருள். ஆனால் சொல்லுக்குள் திறமை பற்றிய பேச்சே கிடையாது. கையாலாகாதவன் என்ற வசையிலாவது ஒரு கை இருக்கிறது. தண்டத்தில் இருப்பது கோல்.

வடமொழியில் தண்டம் முதலில் கம்பு. பிறகு அரசனின் கோல், அதன் அடி, அபராதம், படை. கும்பிட்டு விழுகிறவனும் கம்புபோலக் கிடக்கவேண்டும், அதுதான் தெண்டனிடுதல். அதிகாரமும் உடலும் பற்றிப் பேசப் பூக்கோவைத் தேடி ஓடுகிற நண்பர்கள் திண்ணையில் கிடக்கும் இந்தச் சொல்லைக் கவனிக்கலாம். மனுவின் ஏழாம் அத்தியாயத்தில் தண்டம் கறுத்த மேனியும் சிவந்த கண்ணுமாக அலைகிறது. எட்டாம் அத்தியாயத்தில்தான் விஷயம். பார்ப்பனரைத் திட்டிய சத்திரியனுக்கு 100 பணம், வைசியனுக்கு 150 அல்லது 200, சூத்திரனுக்கு வதை. சூத்திரனைத் திட்டிய பார்ப்பனருக்கோ 12 பணம். காசு, கம்பு என்று அகராதி பக்கத்தில் பக்கத்தில் போடுகிற இரண்டு பொருளையும் வருணம் ஆள் பார்த்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

அர்த்தசாஸ்திரத்தில் இந்த ஒளிவுமறைவுகூட இல்லை. நகர வருமானப் பட்டியலில் சுங்கத்துக்கு அடுத்து தண்டம். அதே பட்டியலில் கள்ளும் சூதும். குற்றம் பெருகினால் கஜானா பெருகும்.

அரசனுக்கு வரவான தண்டம் நமக்கு எப்படி வீணாயிற்று? கட்டினவன் பக்கம் நின்று பாருங்கள். கடையில் காசு கொடுத்தால் சாமான் வரும். தண்டம் கட்டினால் ஒன்றும் வராது. அதனால்தான் ஜனங்கள் தண்டம் ‘கட்டுவதில்லை’, தண்டம் ‘அழுகிறார்கள்’. பஞ்சாயத்தில் அழுதுவிட்டு வந்தவன் ‘எல்லாம் தண்டமாப் போச்சு’ என்கிறபோது அரசனின் வரவை நஷ்டம் என்று திருப்பி எழுதிவிடுகிறான். தண்டச்செலவு என்ற சொல் இப்படி ஆளப்பட்டவர்கள் பக்கமிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. இப்போது கோல் அப்பன் கையில். வேலையில்லாத மகன் தின்கிற சோறு அப்பன் அழுகிற அபராதம். என்ன குற்றத்துக்கு? வேலை தராதவன் எங்கோ இருக்கிறான், பெயர் மட்டும் தின்கிறவன் தலையில். மகளைத் தண்டச்சோறு என்று திட்டிக் கேட்டது அபூர்வம். சோற்றை ஆக்கினதே அவளாயிற்றே.

தமிழில் ‘தண்டு’ என்றால் வசூலி. வேரை விடுங்கள், நாக்கில் இரண்டும் பங்காளிகள். சென்னைச் சந்தைகளில் கந்துக்காரர் நாள்தோறும் வந்து வசூலிக்கிற கடனுக்குப் பேர் தண்டல். அந்த மகன் எப்படியோ ஒரு தள்ளுவண்டி போட்டானென்றால் முதலில் வாங்குவது அதைத்தான்.