வல்லவன்: ஒரு சிடியும் ஒரு நோட்டுப் புத்தகமும்

போன தீபாவளிக்கு சுங்கை சிப்புட் போயிருந்தபோது பெரியம்மா வீட்டு அலமாரியில் ஒரு சிடி கிடைத்தது. அட்டை இல்லை. மேலே மார்க்கர் பேனாவால் ‘வல்லவன்’ என்று அண்ணன் கையெழுத்து. பாசார் மாலாமில் வாங்கியதா, கூட்டாளி கணினியில் பதிந்து கொடுத்ததா தெரியவில்லை. கடையில் வாங்கிய அசல் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

யோகி பி அண்ட் நட்சத்திரா அந்த ஆல்பத்தை வெளியிட்டது 2006இல். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூன்று பேர். எனக்கு அப்போது பத்து வயது, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. பெரியம்மா மகன் அண்ணனுக்குப் பதினாறு. தாமானில் எந்த வீட்டைத் தாண்டினாலும், எந்த கஞ்சில் கார் கடந்து போனாலும் ‘மடை திறந்து’ கேட்கும். அதை யோகி பி போட்ட மெட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இது ராஜா பாட்டுடா. நீ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது.”

‘நிழல்கள்’ படத்தைப் பல்கலைக்கழக விடுதியில்தான் பார்த்தேன். 1980இல் வந்த பாரதிராஜா படம், ஓடவில்லை. வேலை கிடைக்காத இளைஞர்களின் கதை. இசையமைப்பாளனாகும் கனவில் இருப்பவனுக்குத்தான் ‘மடை திறந்து’ பாட்டு. இளையராஜா இசை, எஸ்.பி.பி குரல். அவ்வளவு உற்சாகமான பாட்டு, ஆனால் பாடுகிறவன் இன்னும் எதையும் ஜெயிக்கவில்லை. இது தெரிந்த பிறகு யோகி பியின் வடிவம் எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. ராப்பில் தன்னைத்தானே உயர்த்திச் சொல்வது மரபு. அங்கே எல்லாரும் ஏற்கெனவே ஜெயித்தவர்கள். மெட்டு ஜெயிக்காதவனுடையது, நடுவில் வரும் ராப் ஜெயித்துவிட்டேன் என்பவனுடையது. 2006இல் எங்கள் தாமான் பையன்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்திருந்தன. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். பேப்பரில் இந்திய இளைஞன் என்று வந்தால் அடுத்த சொல் பெரும்பாலும் ‘குண்டர் கும்பல்’. ஆல்பம் வந்து ஒரு வருடத்தில், 2007 நவம்பர் 25 அன்று, ஹிண்ட்ராஃப் பேரணிக்காக ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் கூடினார்கள். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தன. ஒரு ராப் ஆல்பம் அதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பயப்படாமல் சத்தமாகத் தமிழ் பேசலாம் என்ற எண்ணம் எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் வந்தது மேடைப் பேச்சிலிருந்து அல்ல, ஸ்பீக்கரிலிருந்து.

அதற்கு முன்னால் நம்மவர்கள் பாடவில்லையா? பாடினார்கள். பினாங்கில் உருவான அல்லிகேட்ஸ் இசைக்குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களை இந்த நாடே கொண்டாடியது, மலாய்ப் பாடல்களுக்காக. யோகி பியே முதலில் போயட்டிக் அம்மோவில் இருந்தவர். 1998இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் பல மொழிகள் கலந்திருந்தாலும் ஆங்கிலம்தான் பிரதானம். டார்க்கி நாகராஜா போன்றவர்களின் தமிழ்ப் பாடல்கள் நம் கல்யாண வீடுகளில் ஒலித்தன, ஆனால் வீட்டுக்குள்ளேயே நின்றன. நாடு முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் வேறு மொழிக்குப் போக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ‘வல்லவன்’ தமிழிலேயே நின்றுகொண்டு வெளியே கேட்டது. அதுவும் மேடைத் தமிழ் இல்லை, நாங்கள் பேசுகிற வேகத்தில் ஓடிய தமிழ். மோனையும் எதுகையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விஷயம் என்று நினைத்திருந்த எனக்கு, அவை தாளத்தில் உட்காரும் என்று காட்டியது இந்த ஆல்பம்தான். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.

இப்போது, சுங்கை சிப்புட்டிலிருந்து ஜோகூர் வரை ஓட்டிக்கொண்டே போனில் போட்டுக் கேட்டபோது ஒரு சங்கடமும் வந்தது. மற்றப் பாடல்களில் பாதி எனக்கு நினைவில் இல்லை. நாங்கள் கொண்டாடியது ராஜாவின் மெட்டு இருந்த பாட்டைத்தான். 2007இல் ‘பொல்லாதவன்’ படத்தில் இவர்கள் வந்ததும், எம்.எஸ்.வியின் ‘எங்கேயும் எப்போதும்’ பாட்டின் ரீமிக்ஸுக்காகத்தான். சென்னை நம்மைக் கூப்பிட்டுவிட்டது என்று அன்றைக்குத் தாமானே துள்ளியது. நானும் துள்ளினேன். பிறகு ‘ஆடுகளம்’, ‘விவேகம்’ என்று யோகி பியின் குரல் சினிமாவில் வந்தபோதெல்லாம் பெருமைதான். ஆனால் சென்னை கேட்ட பிறகுதான் நாமும் கேட்போம் என்ற பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டது? தப்பு அவர்கள் மேல் இல்லை. கேட்டவர்கள் நாம்தான்.

அண்ணனும் அப்போது எழுதினான். வரலாறு நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, தமிழில், பக்கம் பக்கமாக. பஸ் ஸ்டாண்டில் கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டுவான், ஒருத்தன் மேசையில் தாளம் தட்டுவான். ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் நோட்டைப் பிடுங்கி, ‘கேங்ஸ்டர் பாட்டு’ என்று சொல்லிக் கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. இப்போது சிங்கப்பூருக்கு லோரி ஓட்டுகிறான்.

ஜோகூர் வந்ததும் அவனுக்கு சிடியின் படத்தை அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. பின்னால் லோரி சத்தம். ‘மடை திறந்து’ ராப் பகுதியை ஒரு இடம்கூட விடாமல் சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணா, நீ எழுதினது எதாவது ஒன்னு சொல்லு” என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. “ஒரு வரிகூட ஞாபகம் இல்லடா தம்பி.”

‘வல்லவன்’ எங்கேயும் போய்விடாது, தேடினால் கிடைக்கும். அதைக் கேட்டு எழுதிய பையன்களின் வரிகள்தான் எங்கும் இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு நோட்டு கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.