களிம்பும் ஒரு 'நீங்கலாக'வும்

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே 'டிக்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க, நாங்கள் எழுத வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மதிப்பெண் போய்விடும். பிறகு எழுத்தராகிக் கோப்புகளோடு காலம் தள்ளியபோதுதான் அந்தக் கண்டிப்பின் அருமை புரிந்தது. விதியில் 'நீங்கலாக' என்று ஒரு சொல் இருந்தால் போதும், ஊரே அதற்குள் புகுந்து போய்விடும். அப்படி ஒரு சொல் நம் தோலில் செய்த வேலையைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மகனுக்கு ஓசூரில் வேலை என்பதால் ஓய்வுக்குப் பின் பாகலூருக்கு வந்துவிட்டோம். ஒரு மழைக்காலத்தில் எனக்கு இடுப்பில் படை வந்தது. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்" என்றேன். சீட்டு கேட்காமல் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு போயிற்று. மாடியில் குடியிருக்கும் தொழிற்சாலைப் பையன் தனக்கும் அதே தொல்லை என்றான். பெரிய வைத்தியர் மாதிரி மீதி ட்யூபை அவனிடம் கொடுத்தேன். அவன் அது தீர்ந்ததும் இன்னொன்று வாங்கி, பருவுக்கும் நல்லது என்று முகத்திலும் பூசியிருக்கிறான்.

இரண்டு மாதத்தில் என் படை முதுகு வரை வட்டம் வட்டமாகப் படர்ந்தது. பையனுக்கு முகம் சிவந்து, வெயிலில் நின்றால் எரிந்தது. தோல் மருத்துவர் ட்யூபைப் பார்த்ததும், "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது ஐயா, யார் கொடுத்தது?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஹெஞ்ச் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல், நான் பிறந்த வருடம், ஹெஞ்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தோலில் பூசினால் பலன் தரும் என்று ஹைட்ரோகார்ட்டிசோனை நிரூபித்தவர்கள் சல்ஸ்பெர்கரும் விட்டனும், 1952இல். அதுவரை கரப்பானுக்குத் தாரும் கந்தகமும் துத்தநாகக் களிம்பும்தான் கதி. பிறகு பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று வீரியம் ஏறிக்கொண்டே போயிற்று.

இந்த மருந்து அழற்சியை அடக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தோலை வெளுக்கவும் வைக்கும். 1962இல் அந்த வெளுப்பையே அளவுகோலாக்கி மருந்தின் வீரியத்தை அளந்தார்கள். சிவப்பழகுக்கு ஏங்கும் நம் நாட்டில் அதுவே விற்பனைச் சரக்காகிவிட்டது. படைக்குப் பூசினாலோ இன்னொரு ஆபத்து. காவல்காரனைத் தூங்க வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம் அல்லவா? அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும், படையின் உருவமே மாறிவிடும். 1968இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் இருவர் இதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படை, என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி நம் 'நீங்கலாக'. மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளை 'எச்' அட்டவணை பட்டியலிடுகிறது. அதன் அடிக்குறிப்பில், வெளிப்பூச்சுக்கானவை நீங்கலாக என்று ஒரு வாசகம் இருந்தது. மாத்திரைக்குச் சீட்டு வேண்டும், களிம்புக்கு வேண்டாம்! 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டின் 12 மையங்களுக்கு முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல. என்னைப் போன்றவர்கள்தான். தோல் மருத்துவர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018 மார்ச்சில், 14 ஸ்டீராய்டுகளுக்குக் களிம்பானாலும் சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. சட்டம் வந்துவிட்டது. கடையில் நடப்பதை நீங்களே அறிவீர்கள்.

இதற்காக இந்த மருந்தைக் கண்டே பயப்பட வேண்டாம். கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் இது அருமருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பயந்து பாதியில் விடுவதும் தவறுதான். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். சொன்ன நாள் வரை, சொன்ன இடத்தில் மட்டும் மெல்லப் பூச வேண்டும். முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. நம் வயதில் தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும். வீரியமான களிம்பை நெடுநாள் பூசினால் இன்னும் மெலிந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போகும். மாதக்கணக்கில் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு நிறுத்துவது நல்லது.

என் படை ஆற மாதங்கள் ஆயின. பையனின் முகம் தெளிய அதைவிட அதிக நாள் பிடித்தது. மருத்துவச் செலவை நான்தான் கொடுத்தேன். அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான். போன வாரம் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அங்கிள், ஜலதோஷத்துக்கு உங்ககிட்ட மாத்திரை இருக்கா?" என்றான். இருந்தது. இருந்தும் இல்லை என்று சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போனேன்.