விலங்கு அறுந்தது, வேலை எங்கே?

பாரிஸ் பட்டணம்! முடியாட்சியைச் சாய்த்த புரட்சியின் நாட்கள். நகரின் தென்புறத்தே பிசேத்தர் என்றொரு கட்டடம். மருத்துவமனை என்று பெயர், உண்மையில் கொட்டடி. அங்கே சங்கிலியால் பிணிக்கப்பட்டுக் கிடந்தோர் திருடரல்லர், கொலைகாரரல்லர். மனநோயாளர்! பிணியையே குற்றமாக்கி, பிணியாளரைக் குற்றவாளியாக்கிய காலம் அது.

1793-ஆம் ஆண்டு பிலிப் பினேல் எனும் மருத்துவர் அங்கே பொறுப்பேற்றார். மனநோயாளரின் விலங்கொடித்த வீரர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. 1876-இல் தீட்டப்பட்ட புகழ்பெற்ற ஓவியம் ஒன்றிலும் நடுநாயகமாக நிற்பவர் அவரே. போற்றட்டும், தகுதியுடையவர்தாம். எனினும், 1797-இல் பிசேத்தரில் சங்கிலிகளைக் கழற்றியவர் பினேல் அல்லர். அதற்கு ஈராண்டு முன்னரே அவர் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டார். கழற்றியவர் புசேன். மருத்துவப் பட்டம் பெறாதவர். தோல் பதனிடும் தொழிலாளி! கண்டமாலை நோயுற்று அங்கே வந்தவர். குணமடைந்து, அங்கேயே பணியில் அமர்ந்து, கண்காணிப்பாளராக உயர்ந்தவர். தொழிலாளி காட்டிய வழியை மூன்றாண்டு கழித்து மருத்துவ மேதை பின்பற்றினார்.

புசேன் மற்றொன்றும் செய்தார். நலம்பெற்று வரும் நோயாளரையே மருத்துவமனைப் பணியாளராகத் தேர்ந்தெடுத்தார். துன்பத்தைத் தாமே பட்டறிந்தவர் பிறரைத் துன்புறுத்தத் துணியார் என்பது அதற்குக் காரணம். பினேலும் இம்முறையைப் பாராட்டி எழுதினார். காலிலிருந்து விலங்கை அகற்றினார். கையிலே வேலையைக் கொடுத்தார். கடமைகள் இரண்டு! பின்வந்த உலகமோ முதற்கடமைக்கு ஓவியம் தீட்டி விழாக் கொண்டாடிற்று, இரண்டாவதை மறந்தது. அந்த மறதியின் வரலாற்றைத்தான் நாம் ஈண்டு எண்ணிப் பார்க்கிறோம்.

அமெரிக்க நாட்டு அரசு மனநல விடுதிகளில் நோயாளர் துணி வெளுத்தனர், சமையல் செய்தனர், தரை துடைத்தனர். கூலி? ‘உழைப்பே மருந்து, மருந்துக்குக் கூலியா?’ என்றது நிர்வாகம். 1973-இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் இந்தப் பசப்பைக் கிழித்தெறிந்தது. உழைப்பால் விடுதி பயன் பெறுமானால் அது வேலையே, வேலைக்குச் சட்டப்படியான கூலி தரப்படவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உள்ளே இருக்கும்வரை உழைக்கத் தகுதியுண்டு, கூலி பெறத் தகுதியில்லை. வெளியே வந்தாலோ, நோயுற்றிருந்தவர் என்பதால் வேலைக்கே தகுதியில்லை! எங்கு நின்றாலும் ஏமாற்றம்!

ஏழைக்குத்தான் இந்த நிலையா? 1972-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல். ஜனநாயகக் கட்சி ஜார்ஜ் மக்கவர்னைத் தலைவர் பதவிக்கும், செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் துணைத் தலைவர் பதவிக்கும் நிறுத்தியது. உடனே செய்தி கசிந்தது: 1960-க்கும் 1966-க்கும் இடையே மனச்சோர்வு நோயால் ஈகிள்டன் மும்முறை மருத்துவமனையில் இருந்தவர், மின்னதிர்ச்சி மருத்துவம் பெற்றவர். அதே ஆண்டுகளில்தான் மிசௌரி மாநில மக்கள் அவரை அரசுத் தலைமை வழக்கறிஞராகவும், துணை ஆளுநராகவும் தேர்ந்தெடுத்தனர். பணியில் குறை கண்டாரில்லை. நோய் என்ற சொல் கேட்டதும் கூக்குரல் கிளம்பிற்று! ஆயிரம் விழுக்காடு ஆதரவு என்று முழங்கிய மக்கவர்ன் பின்வாங்கினார். பதினெட்டே நாட்களில் ஈகிள்டன் விலக நேர்ந்தது. அந்தத் தேர்தலில் வென்றவர் யார்? நிக்சன்! வாட்டர்கேட் ஊழலில் சிக்கி 1974-இல் பதவி துறந்த அதே நிக்சன்! நாட்டுக்கு ஆபத்து மருத்துவம் பெற்றவரால் வந்ததா, சூது செய்தவரால் வந்ததா? மிசௌரி மக்கள் விடை சொன்னார்கள். 1974-லும் 1980-லும் ஈகிள்டனை மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார்கள்.

கால் நூற்றாண்டு சென்றது. 1998-இல் நார்வே நாட்டுப் பிரதமர் பொன்டெவிக், தாம் மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளதை நாட்டுக்கு அறிவித்து விடுப்பு எடுத்தார். சமயகுருவாகத் திருநிலை பெற்றவர் அவர். ஆயினும் சாபம் என்றோ சாத்தான் வேலை என்றோ சொல்லவில்லை. நோய் என்றார், மருத்துவரை நாடினார், மூன்று வாரத்திற்குச் சற்று மேல் ஓய்வுபெற்றார், மீண்டும் நாற்காலியில் அமர்ந்து நாட்டை நடத்தினார். 2001-இல் மறுபடியும் பிரதமரானார். ஈகிள்டனுக்கும் பொன்டெவிக்குக்கும் வந்த பிணி ஒன்றே. ஒருவர் வாய்ப்பை இழந்தார். மற்றவர் பதவியைக் காத்தார். வேறுபாடு அவர்கள் மனத்திலா? அவர்களைச் சுற்றி நின்ற மக்கள் மனத்திலா?

இனி நம் நாடு. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவில் குணம் கிடைக்கும் என நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகத்தில் விடியற்காலை தீ! ஓட இயலவில்லை, காலில் சங்கிலி! 28 உயிர்கள் கருகின. பாரிஸில் விலங்கு அகன்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின்பு!

பேய் பிடித்தது என்று கட்டிப்போடுவது மடமை என்பதை நம் இளைஞர்க்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால், பூசாரியிடம் போகாத அலுவலகத்திலே, படித்த மேலாளர், ‘இவன் மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவனாம், வேண்டாம்’ என்று ஏட்டிலிருந்து பெயரை அடிக்கிறாரே, அது எந்த அறிவு? அங்கே பேய்; இங்கே ‘தகுதியின்மை’. சொல் மாறிற்று, சங்கிலி மாறவில்லை!

சட்டம் என்ன செய்தது? 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் மனநோயையும் ஊனங்களுள் ஒன்றாக ஏற்றது. அரசுப் பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை நீக்கக்கூடாது என்றும் விதித்தது. ஆனால், வேலையில் ஒதுக்கிய 3 விழுக்காட்டைப் பார்வை, செவி, உடலியக்கம் என்ற மூன்று வகை ஊனத்தார்க்கு மட்டுமே பங்கிட்டது. மனநோயாளர் பெயர் பட்டியலில் இருந்தது. பந்தியில் இலை இல்லை! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டந்தான் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, மனநோயாளரையும் அறிவுசார் குறைபாடு உள்ளோர் முதலான பிறரையும் சேர்த்து 1 விழுக்காட்டில் இடம் தந்தது.

2021 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவர், மனநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்தவர், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானார். நடவடிக்கைக்கு அவரது நோயும் ஒரு காரணமாக இருந்தாலே போதும், சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். இப்போதைய பணிக்கு ஏற்றவரல்லர் எனில், ஊதியம் குறையாமல் மாற்றுப்பணி தரவேண்டும் என்றது. ‘துப்பாக்கியை அவரிடம் கொடுப்பதா?’ என்று கேட்பார்க்கும் விடை அதிலேயே உண்டு: மாற்றுப்பணியில் படைக்கலம் இருக்கலாமா என்பதை அதிகாரிகள் ஆராயலாம். அச்சம் தீர்ப்பெழுதக் கூடாது, ஆராய்ச்சி எழுதலாம். இது பகுத்தறிவு!

எனினும் பணி முடிந்துவிடவில்லை. நோயுற்றவரை வேலையினின்று நீக்கக்கூடாது என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசு நிறுவனங்களையே பெயர் சொல்லிக் கட்டுகிறது. தனியார் ஆலையிலும் கடையிலும் உழைப்பவருக்கு அத்தனை உறுதியான கேடயம் இல்லை. ஒதுக்கீடு வேண்டுவோர் 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனம் என்ற சான்றிதழ் காட்டவேண்டும். காட்டினால் ஊர் அறியும், அறிந்தால் ஏளனம். மறைத்தால் உரிமை போகும். உரைத்தால் மானம் போகும்! எனவே எத்தனையோ பேர் மாத்திரையை மேசைக்கடியில் மறைத்து விழுங்குகின்றனர்; சிலர் விழுங்காமலே விடுகின்றனர்; நோய் முற்றுகிறது. வெறுப்பு, நோயைக் குணப்படுத்துவதில்லை, வளர்க்கிறது.

அவர்கள் கேட்பதென்ன? மாளிகையா? இரவுப் பணியைப் பகலுக்கு மாற்றுதல். மருத்துவரைக் காண அரைநாள் விடுப்பு. நலம்பெற்றுத் திரும்புங்கால் பழைய இடம். கால் முறிந்தவருக்கும் காசநோய் கண்டவருக்கும் மறுக்காததை மனம் நொந்தவருக்கு மறுப்பானேன்?

இளைஞர்களே! தொழிற்சங்கத்தில் இருப்பீரேல், கோரிக்கைப் பட்டியலில் இதனையும் எழுதுங்கள். அலுவலகத்தில் இருப்பீரேல், விடுப்பு முடிந்து வரும் தோழரின் அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமருங்கள். மேடையேறுவீரேல், மாற்றாரின் கொள்கையை வாதத்தால் வெல்லுங்கள்; ‘பைத்தியக்காரன்’ என்று ஏசி, கூட்டத்தில் அமைதியாய் அமர்ந்திருக்கும் ஒரு நோயாளரின் நெஞ்சில் வேல் பாய்ச்சாதீர்கள். பிறப்பால் தாழ்வில்லை என்று நாட்டுக்குச் சொன்ன இயக்கம், பிணியாலும் தாழ்வில்லை என்று சொல்லட்டும். தோல் பதனிட்ட புசேன் தொடங்கிய வேலையின் பாதி, இருநூறாண்டுக்கு மேலாக நமக்காகக் காத்திருக்கிறது!