உயிரிவழி மாசுக் கண்காணிப்பு

நீர், காற்று, மண் ஆகியவற்றின் தூய்மையை அங்கு வாழும் உயிர்களைக் கொண்டே அறியும் முறை. ஆய்வகச் சோதனை, நீரை மொண்ட நேரத்து நிலையைச் சொல்லும். மாதக்கணக்கில் ஓடையிலேயே கிடக்கும் பூச்சியோ, நேற்றுக் கலந்து இன்று ஓடிப்போன கழிவுக்கும் சாட்சி.

வரலாறு: பாரிஸ் நகரக் காற்று கெட்டிருப்பதை மரப்பட்டைகளில் படரும் லைக்கன்கள் குறைந்திருப்பதைக் கொண்டு 1866-ல் வில்லியம் நைலாண்டர் எடுத்துக்காட்டினார். சுரங்க நச்சுவாயுவை முன்கூட்டி உணர கேனரிக் குருவிகளைப் பயன்படுத்தலாம் என்றார் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஜெர்மனியின் கோல்க்விட்ஸும் மார்சனும் 1908, 1909 ஆண்டுகளில், கழிவைத் தாங்கும் அளவைக் கொண்டு நீர்வாழ் உயிர்களைத் தரம் பிரித்தனர். நீர்நிலைகளை உயிர்களால் அளக்கும் இன்றைய முறைகளுக்கு அதுவே அடித்தளம்.

இந்தியாவில்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்வாழ் சிற்றுயிர்களின் அடிப்படையில் ஆறுகளை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் காற்றில் பரவியதை, மரங்களில் வளர்ந்த லைக்கன்களையும் பாசிகளையும் சோதித்து ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்டனர். மண்ணில் வேரூன்றாமல் காற்றிலிருந்தே ஈர்த்துக்கொள்வதால் லைக்கனில் அந்த உலோகம் தங்கிவிடுகிறது. தென்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் 6 ஓடைகளில் மனிதத் தலையீடு நீர்ப்பூச்சிகளை எப்படிப் பாதிக்கிறது என்று எஸ். தினகரன், எஸ். அன்பழகன் ஆகியோர் ஆராய்ந்து 2007-ல் கட்டுரை வெளியிட்டனர்.

அய்யனார் கோவில் ஆறு: இம்முறையால் ஊராரே கவனிக்கத்தக்க ஆறுகளில் ஒன்று இது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் உள்ளது. அதையொட்டி இறங்கும் ஆறு, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக நகரத்துக்குக் குடிநீராகிறது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இம்மலைப்பகுதியைச் சேர்ந்ததே.

இத்தகைய மலையோடைகளில் ஒரு கூழாங்கல்லைப் புரட்டினால், மே ஈயின் தட்டையான இளம்புழு வழுக்கி ஓடும். பின்னால் மெல்லிய வால்கள். வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்கள். உயிர்வளி நிறைந்த நீரில்தான் பெரும்பாலும் அது பிழைக்கும். சோப்பு, எண்ணெய், எச்சில் இலை, கழித்துப்போட்ட துணி என்று சேரச்சேர அது முதலில் மறையும். ஹீமோகுளோபினால் சிவந்த இரத்தப்புழுக்கள் சேற்றில் பெருகும்.

எந்த நஞ்சு கலந்தது என்பதைப் பூச்சி சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் குளிக்கும் துறைக்கு மேலே பத்துக் கல், கீழே பத்துக் கல் புரட்டி எண்ணிப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளைத் தட்டும் சிறு வலையும் போதும். ஊர் குடிக்கும் நீரை ஊரே கவனிக்க இதைவிட எளிய வழி இல்லை.